வெல்லத் தண்ணீர் குடித்த சைக்கிள்

அன்பும் பொறுமையும் உள்ள மச்சான் மிசயேலுக்கு,

மலையூர் பேன்யா பிளாங்காவிலிருந்து உன் அக்காள் புருஷன் எலியேசெர் எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் கோழிகளும், இடது முழங்கால் நீங்கலாக என் உடம்பின் மற்ற உறுப்புகளும் சுகம். அங்கே கார்த்தஹேனாவில் நீயும், உன் சம்சாரமும், கடற்காற்றில் இன்னும் துருப்பிடிக்காத உன் சாமான்களும் சுகமாயிருக்கக் கார்மென் மாதாவை வேண்டுகிறேன். மரியாதை இதோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு அனுப்பி வைத்த எலக்ட்ரிக் சைக்கிள் இருக்கிறதே, அது சைக்கிள் இல்லை, என் மானத்தைக் கப்பலேற்ற வந்த சனியன்.

கோபப்படாமல் படி. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் மச்சானுக்கு ஒரு வண்டி இருக்கட்டும் என்று நல்ல மனசோடுதான் அனுப்பினாய், மறுக்கவில்லை. லாரியிலிருந்து இறக்கிய அன்றைக்கே சதுக்கத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தேன். நான் மிதித்தால் கூடவே மோட்டாரும் மிதிக்கிறது, யாரோ நல்லவன் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. ஆனால் மிதிப்பதை நிறுத்தினால் போதும், பின்சக்கரத்திலிருந்து கிட்கிட்கிட்டென்று ஒரு சத்தம். வாழ்நாள் பூராவும் பஸ் ஓட்டியவன் நான். வண்டியில் சத்தம் வந்தால் அது கிரீஸ் கேட்டு அழுகிறது என்றுதான் எனக்குத் தெரியும். அன்று மாலையே சக்கரத்தைக் கழற்றி, பல்லுச் சக்கரங்கள் உட்காரும் அந்த ஃப்ரீவீலைத் திறந்து, பஸ் அச்சுக்குப் போடுகிற கெட்டிக் கிரீஸை விரலால் வழித்து உள்ளே திணித்தேன். திணித்தேன் என்றால் வஞ்சனையில்லாமல் திணித்தேன். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. உனக்குப் போன் போட்டுச் சொன்னேன், நீயும் "சபாஷ் மச்சான், கை வச்சா நீதான்" என்றாய். அந்த சபாஷை மறந்துவிடாதே, கீழே உன்னைத் திட்டும்போது தேவைப்படும்.

இந்தச் சைக்கிளில் எனக்கு என்ன அப்படி ஒரு அக்கறை என்று கேட்பாய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் வெல்லத் தண்ணீர் காய்ச்சி, அதில் சீஸ் துண்டைப் போட்டு விற்கிற எதில்மாவை உனக்குத் தெரியும். உன் அக்கா அல்சிரா உயிரோடு இருந்தபோது, எதில்மா கடையைத் தவிர வேறு கடையில் வாய் வைக்கமாட்டாள். அவள் போன பிறகு அந்தக் கடையில் என் பஸ் நிற்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுபோனது. ஹாரனைப் பயணிகளே வந்து அடிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவு நேரம் நின்றும் நான் அவளிடம் பேசியதெல்லாம் "இன்னொரு கோப்பை" மட்டும்தான். பிறகு பஸ்ஸும் போயிற்று. போன வருஷம் ஜூலை பதினாறு கார்மென் மாதா திருநாளுக்கு ஊரிலுள்ள பஸ், லாரி, டாக்சி, டிராக்டர் எல்லாம் பலூனும் ரிப்பனும் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு மலைக்கோயிலுக்கு ஃபாதரிடம் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொள்ளப் போகும்போது, டிரைவர்களைக் காக்கும் அந்த மாதாவை நம்பி இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய நான் ரோட்டோரமாக நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி கையாட்டினேன். அது எனக்கு எவ்வளவு கசந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இந்த வருஷம் எதில்மாவே வாயைத் திறந்தாள். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, "என்ன டிரைவரே, இந்த வருஷமும் ஓரமா நின்னு கையாட்டப் போறீங்களா?" என்றாள்.

"எதுக்கு கையாட்டணும்? எனக்கும் வண்டி இருக்கு. மோட்டார் வச்ச வண்டி" என்றேன்.

"பின்னால சீட்டு இருக்கா?"

"இருக்கு" என்றேன். இல்லை. அன்று மதியமே தச்சனைப் பிடித்துப் பலகை அடித்து மெத்தை வைத்தேன், அது வேறு கதை.

"அப்ப நான் வர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், நடுவழியில இறங்கித் தள்ளுன்னு சொன்னீங்க, நேரா போயி தாகோபெர்தோ லாரியில ஏறிக்குவேன். அவரும் ரெண்டு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. கேபின்ல வெல்வெட்டு விரிச்சிருக்காராம்."

மச்சான், எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. திருநாளன்று அலங்கரித்த வண்டியில் ஒருத்தி ஒருத்தனோடு உட்கார்ந்து மலையேறினால் அதற்கு மேல் சேதி சொல்ல வேண்டியதில்லை, மறுநாளே எந்த மாதம் கல்யாணம், எத்தனை ஆடு என்று சந்தையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் மேலே போய், மாதாவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எதில்மாவிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆக, என் மிச்ச ஆயுசே உன் சைக்கிள் மலையேறுவதில் தொங்கிற்று.

தாகோபெர்தோதான் இப்போது டிரைவர் சங்கத் தலைவன். மீசையைச் சீவுகிற நேரத்தில் வேறு வேலை செய்திருந்தால் இந்நேரம் கவர்னர் ஆகியிருப்பான். சங்கக் கூட்டத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். குனிந்து மோட்டாரைத் தேடினான். "எங்கண்ணே இருக்கு? இதா? எங்க வீட்டு மிக்ஸியில இதைவிடப் பெருசா இருக்கு" என்றான். ஒரே சிரிப்பு. நான் விடவில்லை, மோட்டார் என்றால் மோட்டார், மாதாவுக்கு அளவு கணக்கில்லை என்றேன். கடைசியில் டிராக்டர்களுக்குப் பின்னால் ஒரு இடம் கொடுத்தார்கள். "ஆனா விதி விதிதான்ணே. சொந்த பலத்துல நகராத வண்டி வரிசையை விட்டு வெளிய போயிடணும். ஒரு அடி தள்ளினாலும் மந்திரிக்கிறது கிடையாது" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, எதில்மா கடை இருக்கிற திசையைப் பார்த்தான்.

சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் உன் சைக்கிள் தன் குணத்தைக் காட்டிற்று. மறுநாள் விடியற்காலையில், மலைப்பனி மூக்கை வெட்டுகிற குளிரில், எதில்மா கடைக்குக் கிளம்பினேன். மிதிக்கிறேன், மிதி காற்றில் சுற்றுகிறது. மோட்டார் ஙொய்யென்று கத்துகிறது, சங்கிலி ஓடுகிறது, பல்லுச் சக்கரம் சுற்றுகிறது, சக்கரம் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உனக்குப் போன் போட்டேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு மச்சான், இங்க எனக்கு ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்ல" என்றாய். ஆஃப் செய்தேன், ஆன் செய்தேன், ஆஃப் செய்தேன், பாட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், சங்கிலியைத் தடவிப் பார்த்தேன், கியர் வயரை இழுத்துப் பார்த்தேன். இதற்குள் வெயில் வந்துவிட்டது. மிதித்தேன், அம்பு மாதிரி கிளம்பிற்று. ஆகா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதுதான் மருந்து என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே கூத்து. இந்த முறை ஆஃப், ஆன், சிலுவைக் குறி, சீட்டில் ஒரு தட்டு. வெயில் வந்தது, வண்டி ஓடிற்று. மூன்றாம் நாள் சங்கிலியையே புதிதாக மாற்றினேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணுதான் காரணம் என்று சிவப்புக் கயிறு கட்டினேன். எல்லா வைத்தியமும் பலித்தது, ஆனால் ஒவ்வொன்றும் வெயில் வருகிறவரைக்கும் நேரம் எடுத்துக்கொண்டது. இதைக் கவனிக்க எனக்குத் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை, ஒரே இனம்.

சைக்கிள் கடை நெஃப்தாலியிடம் கொண்டு போகவில்லையா என்பாய். போகாமல் என்ன. அவன் எங்கள் ஊர் அசல் சைக்கிள்காரன், காலையில் கணவாய் வரை மிதித்துவிட்டு வந்து மதியத்துக்கு மேல்தான் கடை திறப்பான். மதிய வெயிலில் என் வண்டி அவன் முன்னால் தங்கமாக ஓடுகிறது. நான் "மிதி சுத்துது, சக்கரம் சுத்தல" என்கிறேன், அவன் ஏறி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "வண்டிக்கு ஒண்ணுமில்ல டிரைவர். மலையேற மோட்டார் தேடினீங்க பாருங்க, அங்கதான் கோளாறு. நம்ம ஊர்ல பொறந்தவன் செய்யற வேலையா இது?" என்கிறான். அவனுக்கு மோட்டார் வைத்த சைக்கிள் என்றால் சூப்பில் சர்க்கரை போட்ட மாதிரி. மூன்று முறை போய் மூன்று முறையும் மூக்குடைபட்டுத் திரும்பினேன். டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுவிடுகிற கதைதான்.

திருநாள் வந்தது. சூரியன் வரவேயில்லை. கோயில் மணி அடிக்கிறது, ஊர் முழுக்கப் பனிமூட்டம், பத்தடி தள்ளி நிற்கிற பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. நான் வெள்ளைச் சட்டை, புது ருவானாக் கம்பளி போர்த்தி, சைக்கிளின் முன்னால் மாதா படம், இரண்டு பக்கமும் நீல பலூன். எதில்மா பச்சைச் சால்வையில் வந்தாள். ஒரு கையில் வெல்லத் தண்ணீர்ப் பாத்திரம், ஆவி பறக்கிறது. மேலே கோயிலில் விற்கத்தான், வியாபாரத்தை அவள் ஒரு நாளும் விடமாட்டாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மச்சான், அவள் கை என் இடுப்பைப் பிடித்தபோது எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று. வண்டிக்குத்தான் விடவில்லை. டிராக்டர் நகர்ந்தது, நான் மிதித்தேன், மிதி காற்றில் சுற்றியது. ஙொய்ங். ஆஃப், ஆன், சிலுவை, தட்டு. ஙொய்ங். பின்னால் டாக்சிகள் ஹாரன் அடிக்கின்றன. முன்னாலிருந்து தாகோபெர்தோ லாரியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வருகிறான், மீசைக்கு எண்ணெய் வேறு போட்டிருக்கிறான். "என்னண்ணே, மிக்ஸி ஓடுது, மாவு வரலியா? விதி விதிதான். எதில்மா, குளிர்ல எதுக்கு நிக்கணும், வா, கேபின்ல ஹீட்டர் இருக்கு" என்று அவள் கையைப் பிடிக்க வந்தான். எனக்கு உயிரே போயிற்று.

அப்போதுதான் என் அனுபவம் கை கொடுத்தது. குளிர்காலை பஸ் கிளம்ப மறுத்தால் நாங்கள் டீசல் குழாயில் வெந்நீர் ஊற்றுவது வழக்கம். சட்டென்று அது மூளையில் தட்டிற்று. படைத்தலைவன் குரலில், "எதில்மா, ஊத்து பின்சக்கரத்துல!" என்று கட்டளையிட்டேன். அவளும் மறுபேச்சுப் பேசாமல் கொதிக்கிற வெல்லத் தண்ணீரில் பாதியைச் சக்கரத்தின் நடுவில் சரியாகக் குறி பார்த்து ஊற்றினாள். சுர்ரென்று புகை. நான் மிதித்தேன். டக்கென்று பிடித்தது பார், மச்சான்! பலூன்கள் பின்னால் பறக்க, அவள் "ஐயோ மாதாவே!" என்று கூவ, இரண்டு டிராக்டரை ஓவர்டேக் பண்ணிவிட்டேன். டாக்சிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், இந்த முறை எனக்காக. ஒரு அடி தள்ளவில்லை. சாட்சிக்கு ஊரே இருக்கிறது.

மேலே ஃபாதர் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்பர் பிளேட் எங்க?" என்றார். "மாதா படம்தான் ஃபாதர்" என்றேன். சிரித்துவிட்டு மூன்று முறை தீர்த்தம் தெளித்தார், பஸ்ஸுக்கே இரண்டு முறைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் எதில்மாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியவில்லை. அவளைச் சுற்றி ஒரே கூட்டம், மிச்சமிருந்த வெல்லத் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறார்கள். பிரசங்கம் நீண்டது, பாண்டு வாசித்தார்கள், பீர் வந்தது. பனி விலகி மொட்டை வெயில் வந்தது. அந்த வெயிலில் என் பின்சக்கரத்துக்குள் என்ன சமையல் நடந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

இறங்கும்போதுதான் தெரிந்தது. ஏறும்போது பிடிக்க மாட்டேன் என்றது, இறங்கும்போது விட மாட்டேன் என்றது. முதல் வளைவில் மிதிப்பதை நிறுத்தினேன், மிதி நிற்கவில்லை. சக்கரம் சங்கிலியை இழுக்கிறது, சங்கிலி மிதியைச் சுற்றுகிறது, மிதி என் கணுக்காலை அடிக்கிறது. இரண்டு காலையும் அகல விரித்துத் தூக்கிக்கொண்டேன். அதில் முழங்கால் கத்துகிறது. கீழே பள்ளத்தாக்கு, பின்னால் எதில்மா, நடுவில் வெறிபிடித்த மிதி. பிரேக் இருந்தது, ஆனால் தைரியசாலி எதற்குப் பிரேக்கைத் தேட வேண்டும்? அந்த நிலையிலும் நான் நிதானம் இழக்காமல், கம்பீரமான குரலில், "எதில்மா, என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம் டிரைவர்" என்றாள். இப்படியாக உன் மச்சான் இந்த வயதில் மாப்பிள்ளை ஆனான்.

மறுநாள் நெஃப்தாலி ஃப்ரீவீலைத் திறந்தான். உள்ளே சின்னக் கொக்கிகள் இருக்கின்றன, மிதிக்கும்போது விரிந்து பல்லைப் பிடிக்கும், விட்டால் மடங்கி நழுவும், அந்த நழுவுகிற சத்தம்தான் கிட்கிட். என் பஸ் கிரீஸ் குளிரில் மெழுகாய் உறைந்து கொக்கிகளை மடக்கியே வைத்திருக்கிறது. அதன் மேல் வெல்லம் போய், வெயிலில் முற்றிய பாகாகி, விரிந்த கொக்கிகளை விரிந்தபடியே ஒட்டிவிட்டது. நெஃப்தாலி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். "டிரைவர், இது ஃப்ரீவீல் இல்ல, பலகாரம்" என்றான். கடைக்கு வந்தவனுக்கெல்லாம் காட்டினான். இப்போது சொல், இது யார் தப்பு? வெண்ணெய் மேஜையிலேயே உருகுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கிரீஸ் போட்டேன் என்றவனுக்கு சபாஷ் சொன்னது யார்? குளிர் ஊரில் உறையும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் ஒரு புதுப் பின்சக்கரம், ஃப்ரீவீலோடு சேர்த்து, உன் செலவில் அனுப்பி வை.

மச்சான், ஒன்று மட்டும் கோபமில்லாமல் கேட்கிறேன். நீ அல்சிராவின் தம்பி. அவள் இடத்தில் இருந்து நீ ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். சந்தோஷமாக இருக்கிறேன் மிசயேல். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் சம்சாரத்துக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உன் வீட்டுக் கூரை ஒழுகாமலும் மீன் குழம்பு குறையாமலும் மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
கணுக்கால் வீங்கிய, ஆனாலும் நிமிர்ந்து நிற்கிற உன் மச்சான்,
எலியேசெர் சுபெலானோ

பி.கு.: மிசயேல் தம்பி, இது எதில்மா எழுதறது. தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, கவர் ஒட்டல, படிச்சிட்டேன். புதுச் சக்கரமெல்லாம் அனுப்பாதீங்க, நெஃப்தாலி பெட்ரோல் விட்டுக் கழுவி மெல்லிசா எண்ணெய் போட்டுக் குடுத்துட்டாரு, நல்லா ஓடுது. அப்புறம், அவரு யாருக்கும் கட்டளை போடல. முழி பிதுங்க உக்காந்திருந்தாரு. தாகோபெர்தோ என் கையைப் பிடிக்க வந்தாரா, எனக்கு வந்த கோவத்துல வெல்லத் தண்ணியை அந்தாளு மேலதான் வீசினேன். குறி தப்பி சக்கரத்துல விழுந்துச்சு. கோயில்ல உங்க மச்சான் கேட்பாரு கேட்பாருன்னு நானே கூட்டத்தை விலக்கி விலக்கி ரெண்டு தரம் பக்கத்துல போய் நின்னேன், "இன்னொரு கோப்பை"ன்னாரு. பஸ் காலம் அப்படியே போச்சு, சைக்கிள் காலமும் போயிடும்னு இறங்கறப்ப நான்தான் கேட்டேன், "என்னைக் கட்டிக்கிறீங்களா டிரைவரே?"ன்னு. "ஐயோ என் காலு!"ன்னு கத்தினாரு. பிரேக்கைப் பிடிக்கப் போனாரு, பதில் சொல்லாம பிடிக்கக் கூடாதுன்னு நான்தான் தடுத்தேன். அடிவாரத்துல மறுபடி கேட்டேன். தலையை ஆட்டிட்டு அழுதாரு, கண்ணுல தூசின்னு சொன்னாரு. உங்க அக்கா படம் கூடத்துல இருக்கிற இடத்துலேயே இருக்கும், அது என் பொறுப்பு. நீங்க அவசியம் கல்யாணத்துக்கு வரணும். வந்தா, கேட்டது அவருதான்னே வச்சுக்குங்க தம்பி. ஊர் பூரா சொல்லிட்டாரு, ஒவ்வொரு தரமும் குரல் இன்னும் கொஞ்சம் கம்பீரமாகுது, எனக்கும் கேக்க நல்லாத்தான் இருக்கு.